ஈரமாவுக்குக் கால் மணி நேரம்

ஜூலை 3, புதன்

கிடைத்துவிட்டது! கிடைத்துவிட்டது! வாய்விட்டுக் கத்த முடியாது, பக்கத்துக் கட்டிலில் பூங்கொடி அத்தை தூங்குகிறாள். அதனால் எழுதிக் கத்துகிறேன்.

இந்த மாதம் 28, ஞாயிறு. பீளமேட்டில் மூடிக்கிடக்கிற பழைய பஞ்சு குடோனில் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சி. பெங்களூரிலிருந்து ஒருத்தர், சென்னையிலிருந்து ஒருத்தர், நடுவில் கால் மணி நேரம் நான். லேப்டாப்பை வைத்து நானே செய்த இசை. நான் அனுப்பவே இல்லை. ரிஸ்வானாதான் என்னிடம் சொல்லாமல் அனுப்பியிருக்கிறாள். இன்று பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், வாயில் தக்காளி சாதத்தோடு சொன்னாள்.

"உன் பேரப் போடல, பயப்படாத. வேற பேரு குடுத்திருக்கேன்."

"என்ன பேருடி?"

"ஈரமாவு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.  ஆனாலும் கிடைத்துவிட்டது!

ஜூலை 5, வெள்ளி

ஏன் ஈரமாவு என்றால், எங்கள் வீட்டில் இட்லி மாவு விற்கிறோம். முன் அறையில் பெரிய கிரைண்டர். அம்மாவும் அத்தையும் மதியம் மூன்று மணிக்குப் போட்டால் ஏழு மணி வரை ஓடும். அந்தச் சத்தத்தில்தான் நான் மூன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுப்பாடம் எழுதுகிறேன். போன வருடம் ஒருநாள், உளுந்து பாதி அரைந்தபோது கல் உருளும் சத்தத்தை போனில் பிடித்து, ரிஸ்வானாவின் அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பில் போட்டு மெதுவாக்கினேன். மழைக்கு முன்னால் மலைக்கு அந்தப் பக்கம் இடி உருளுமே, அப்படி ஆகிவிட்டது! தண்ணீர் தெளிக்கும் சத்தத்தை வேகமாக்கினால் சலங்கை. அரிசி கொட்டுவதைத் திருப்பிப் போட்டால் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது போல இருக்கும்.

இதெல்லாம் வீட்டில் யாருக்கும் தெரியாது. லேப்டாப் படிப்புக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஜூலை 8, திங்கள்

இன்று பள்ளி விட்டதும் நிகழ்ச்சி நடத்துகிறவர்களைப் பார்த்தோம். பள்ளிக்கு எதிரே உள்ள பேக்கரியில். விமலேஷ் அண்ணா, அனிட்டா அக்கா, இரண்டே பேர். ஐ.டி.யில் வேலை. என் சீருடையைப் பார்த்ததும் விமலேஷ் அண்ணா தேங்காய் பன்னை அப்படியே வைத்துவிட்டார்.

"நீதான் ஈரமாவா? நான் யாரோ தாடி வச்சவன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசவில்லை, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டார்கள். குடோனில் தரையைக் காலியாக விட வேண்டும், வருகிறவர்கள் ஆட வேண்டும் என்கிறார் அண்ணா. உட்கார வைக்க வேண்டும், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்க வைக்க வேண்டும் என்கிறார் அக்கா.

"உடம்பு அசையலைன்னா அதென்ன மியூசிக்கு? பரீட்சை எழுத வந்த மாதிரி உக்காந்திருப்பாங்களா?"

"ஆமா, ஆட விட்டா ஒருத்தனாவது கேப்பானா? பேஸ் வந்தா குதிப்பான், போனா தண்ணி குடிக்கப் போயிருவான். இவ செஞ்சதுல உளுந்து பொங்கற சத்தம் கூட இருக்கு விமலேஷ். அதக் குதிச்சுக்கிட்டே கேக்க முடியுமா?"

உளுந்து பொங்கும் சத்தம் அவருக்குக் கேட்டிருக்கிறது! யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

என்னைக் கேட்டார்கள். "உக்காந்து கேக்கணுங்க்கா. ஆடுனா பாட்டு கெட்டுப் போயிரும்" என்றேன். இசையைக் கேட்பதுதான் மரியாதை, ஆடுவது அதைத் தரையில் போட்டு மிதிப்பது மாதிரி, என்றெல்லாம் நன்றாகப் பேசினேன். அக்கா கை தட்டினார்.

பஸ் ஸ்டாப்பில் ரிஸ்வானா, "புளுகாத. மே மாசம் வரைக்கும் பஸ்சுல ஹாரன் அடிச்சாக்கூட ஆடினவ நீ" என்றாள்.

அவள் தோளில் அடித்தேன். கொஞ்சம் பலமாகவே. அந்தக் கல்யாணத்தைப் பற்றி இங்கே எழுத மாட்டேன்.

ஜூலை 12, வெள்ளி

வேதியியல் தேர்வு. அரிசி ஊறப்போட மறந்ததற்கு அம்மாவிடம் திட்டு. வேறொன்றுமில்லை.

ஜூலை 14, ஞாயிறு

இன்று முழுவதும் வேலை செய்தேன். முதலில் கல் மட்டும் உருள்கிறது. பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்து தாளம் பிடிக்கிறது. நடுவில் எல்லாவற்றையும் நிறுத்திவிடப்போகிறேன். சொட்டுத் தண்ணீர் மட்டும். அந்த இடத்தில் குடோனே மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்! அதற்காகத்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

தாளம் பிடிக்கும் இடத்தில் என் கால் தானாகத் தட்டியது. கட்டிலுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன்.

மாலையில் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். மோட்டார் பம்பு கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை. சட்டையில் கிரீஸ் வாசனை. லேப்டாப்பைப் பட்டென்று மூடினேன்.

"படிக்கறயா அம்மிணி?"

"ஆமாங்ப்பா."

என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக் கேட்டார், காலண்டரைப் பார்த்துத் தலையாட்டினார், போய்விட்டார். மே மாதத்திலிருந்து அப்படித்தான்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ். பாக்ஸ் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பையன்களெல்லாம் பாக்ஸுக்கு முன்னால் ஆடினார்கள். நாங்கள் பெண்பிள்ளைகள் தூக்குப்போசியைப் பிடித்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணின் தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா கையை வைத்து அழுத்தினாள். நின்றுவிட்டது.

சரி, எழுதிவிடுகிறேன். பொள்ளாச்சிச் சித்தப்பா மகன் கல்யாணத்தில், மாப்பிள்ளை அழைப்பின்போது நான் ஆடினேன். இரண்டு பாட்டு. ரொம்ப நன்றாக ஆடினேன். யாரோ வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். "பொண்ணுக்கு நல்ல வளர்ப்பு" என்று சித்தப்பா எழுதினார், கீழே சிரிக்கிற பொம்மைகள். இரண்டு நாளில் அதே வீடியோவை, காமெடிக் குரல் சேர்த்து, எங்கள் வகுப்புப் பெண்களே என்னிடம் காட்டினார்கள்.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மறுநாள் அவர் அந்தக் குரூப்பிலேயே இல்லை. என்னால் அப்பாவுக்குச் சொந்தக்காரர்கள் முகத்தில் முழிக்க முடியாமல் போய்விட்டது.

இதற்கும், இசையை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அது வேறு.

ஜூலை 21, ஞாயிறு

அனிட்டா அக்கா ஜெயித்துவிட்டார்! இல்லை, போலீஸ் ஸ்டேஷன் ஜெயித்துவிட்டது. அனுமதி 'இசை நிகழ்ச்சி'க்குத்தான், ஆட்டம் கூடாது, எல்லாருக்கும் நாற்காலி போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். விமலேஷ் அண்ணா குரூப் போன் காலில் புலம்பினார்.

"சேர் போட்டு டெக்னோ மியூசிக்கா? அப்படியே வாசல்ல சந்தனம், கல்கண்டு வச்சுரலாம். நான் வேட்டி கட்டிட்டு வந்து நிக்கறேன்."

ரிஸ்வானாவும் அவர் கட்சி. எனக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நாற்காலி! எல்லாரும் உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள். ஆடுகிற கூட்டத்துக்கு முன்னால் நான் நிற்க வேண்டியதில்லை. இனிமேல் எனக்குப் பயமே இல்லை. கொஞ்சம்தான் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

மாட்டிக்கொண்டேன்.

அம்மா கடைக்குப் போயிருந்தாள். கிரைண்டர் ஓடும்போது ஹெட்போனோடு பக்கத்தில் உட்கார்ந்து, கடைசித் தடவையாகச் சத்தம் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அத்தை ஹெட்போனைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டாள். மாவுக் கையோடு!

"இதென்ன புள்ள, நம்ம கிரைண்டர் பேய் புடிச்சாப்ல கத்துது?"

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அத்தை கல்லை நிறுத்தாமல், மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டே கேட்டாள். வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

"டிக்கெட்டு எவ்வளவு? நானும் வாரேன்."

"அப்பாகிட்ட சொல்லிராதீங்க அத்தை. ஏற்கெனவே என்னாலதான் அவரு குரூப்ப விட்டு..."

"உன்னாலயா? அட கூறுகெட்டவளே! உங்கப்பன் பொள்ளாச்சிக்காரனுக்குப் போன் போட்டுக் கத்துன கத்துல எதுத்த வீட்டுக்காரன் எட்டிப் பாத்தான். 'எம்புள்ள ஆடுனா உனக்கு என்னடா நோவுது'ன்னு. நீ லீவு கிளாசுக்கு ஸ்கூலுக்குப் போயிருந்தே. அப்பறம் அவனே 'போங்கடா நீங்களும் உங்க குரூப்பும்'னு வெளிய வந்தான்."

அத்தை எதையும் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வாள். அப்பா கத்தி நான் பார்த்ததே இல்லை. அது உண்மையென்றால் ஏன் என் முகத்தைப் பார்ப்பதில்லை? கேட்டேன்.

"அவனக் கேளு" என்றாள். பிறகு, "மாவு பொங்கி வருது, போசிய எடு."

ஜூலை 27, சனி

சோறு இறங்கவில்லை. நாளைக்கு.

ஜூலை 28, ஞாயிறு

எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது, தூக்கம் வருகிற மாதிரியே இல்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இயற்பியல் டியூஷனில் தேர்வு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மூன்று மணிக்குப் போனேன். குடோனுக்குள் நுழைந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அப்படியே கல்யாண மண்டபம்! நடுவில் வழி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். முன்னால் வெள்ளைத் துணி போர்த்திய சோபா இரண்டு. ஒவ்வொரு வரிசையிலும் நாற்காலிக் கால்களைக் கயிறு விட்டு, ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

விமலேஷ் அண்ணா பந்தல்காரர் சம்பத் அண்ணனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு சேர் யாருங்ண்ணா கேட்டது?"

"ஆடியில ஏதுங்க கல்யாணம்? எங்க குடோன்ல சும்மாதான கெடக்குதுன்னு எல்லாத்தையும் கொண்டாந்துட்டேன். காசு அதுக்குச் சேத்து வாங்கலீங்க."

"சரி, கட்டாம விட்டிருக்கலாமில்ல?"

"கட்டலைன்னா ஆளாளுக்கு இழுத்துப் போட்டு வட்டமா உக்காந்துக்குவாங்க தம்பி. புரோகிராம்னா வரிசையா இருக்கோணும்."

அனிட்டா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

கதவு திறந்திருந்ததாலும் நாற்காலி தெரிந்ததாலும், பக்கத்து மில் லைன் வீட்டுக்காரர்கள் ஏதோ கச்சேரி என்று குழந்தைகளோடு வந்து பெண்கள் பக்கம் நிரம்ப உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணா அவர்களிடம் டிக்கெட் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிட்டார். ஆடுவதற்கென்றே வந்த காலேஜ் பையன்கள், நடுவில் மாட்டிக்கொண்டு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஆடலாம் என்று எழுந்தால் போலீஸ்காரர் ஒருவர் வாசலிலிருந்து கையால் 'உட்கார்' என்று காட்டினார்.

முதலில் பெங்களூர்க்காரர். இடி மாதிரி தாளம். ஒரே வேகம். அவர் மேடையில் குதித்தார், எதிரே அத்தனை பேரும் அசையாமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பாவமாக இருந்தது. இறங்கும்போது அவர் ஆங்கிலத்தில், "பரிசோதனைக் கூடத்துத் தவளை மாதிரி இருந்தது" என்றார்.

அடுத்தது நான்.

ஏறி லேப்டாப்புக்குப் பின்னால் நின்று நிமிர்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு நாளும் உட்கார்ந்து கேட்டால் பயமில்லை என்று நினைத்தேனே! உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்னைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. வரிசை வரிசையாக முகங்கள், எல்லாம் என் முகத்தில். மடியில் போன்கள். அவற்றில் பாதி என்னை நோக்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. ஆடுகிற கூட்டமாக இருந்தால் அவரவர் உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பார்கள், கண்ணை மூடிக்கொள்வார்கள். என்னை ஒருத்தரும் பார்க்க மாட்டார்கள். நானே கேட்டு வாங்கிய நாற்காலி!

பொத்தானில் விரல் இருந்தது. அழுத்த வரவில்லை. மேடைக்குக் கீழே ரிஸ்வானா, "அடிடி, அடிடி" என்று வாயசைத்தாள். ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

ஆண்கள் பக்கம் மூன்றாம் வரிசையில், காதில் வளையம் போட்ட இரண்டு பையன்களுக்கு நடுவே, கையைக் கட்டிக்கொண்டு அப்பா.

பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை எனக்குக் கையாட்டினாள். துரோகி!

அப்பா இந்தத் தடவை காலண்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். விரல் தானாக அழுந்திவிட்டது.

கல் உருண்டது. அவ்வளவு பெரிய ஸ்பீக்கரில் எங்கள் வீட்டுக் கல். இரும்புக் கூரையே உருண்டது! பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாவின் குரல்.

"அய்யய்யோ, கிரைண்டரப் போட்டு உட்டுட்டு வந்துட்டனாட்ட இருக்குதே!"

குடோன் முழுக்கச் சிரிப்பு. "மாவு வழியுது பாரக்கா" என்றாள் இன்னொருத்தி. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தண்ணீரைத் தெளித்தேன். அரிசியைக் கொட்டினேன். தாளம் பிடித்தது.

முதலில் யார் என்று தெரியாது. ஐந்தாவது வரிசையில் ஒரு குழந்தையாகத்தான் இருக்கும். உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் ஆடியது. நாற்காலிகள் கட்டியிருந்ததால் பக்கத்து நாற்காலியும் ஆடியது, அதற்குப் பக்கத்திலும். அந்த வரிசையில் இருந்தவர்கள் என்னவென்று திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவர்களும் தள்ளிக்கொடுத்தார்கள். வரிசை மொத்தமும் ஒரே ஆளாக ஆடியது! பின் வரிசை அதைப் பார்த்துத் தொடங்கியது. ஆண்கள் பக்கத்துக் காலேஜ் பையன்களுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? நாற்காலிகள் சிமென்டுத் தரையில் கிறீச் கிறீச் என்று என் தாளத்துக்கே தேய்த்தன. அந்தச் சத்தம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதற்கு இடம் விட்டு வாசித்தேன்.

போலீஸ்காரர் உள்ளே வந்தார். எல்லாரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்!

அப்பா கட்டிய கையை முதலில் அவிழ்க்கவில்லை. ஆனால் வளையக்காரப் பையன்கள் இரண்டு பக்கமும் தள்ள, அவரும் முன்னும் பின்னும் போய் வந்தார். ஒரு தடவை சோற்றுத் தட்டைப் பிடிப்பது போல நாற்காலி ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு விட்டுவிட்டார்.

நடுவில், நினைத்திருந்த இடத்தில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சொட்டுத் தண்ணீர் மட்டும். வரிசைகள் அப்படியே நின்றன. குடோனே மூச்சைப் பிடித்துக்கொண்டது!

"கரண்டு போயிருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். "உஸ்ஸ்" என்று நான்கு பேர் அவரை அடக்கினார்கள். போன்கள் மடியில் கிடந்தன. அத்தனை பேரும் ஒரு சொட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். உளுந்து பொங்கியது. அனிட்டா அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். அந்தச் சில நொடிகளில் எல்லாரும் மறுபடி என்னைத்தான் பார்த்தார்கள், ஆனால் இந்தத் தடவை ஓடத் தோன்றவில்லை, நின்றேன். பிறகு கல்லை விட்டேன். வரிசைகள் கிளம்பின. விமலேஷ் அண்ணா ஓரத்தில் நின்று விசில் அடித்தார்.

முடிந்ததும் கீழே இறங்கி அத்தையின் பக்கத்து நாற்காலியில் விழுந்தேன். அடுத்து சென்னைக்காரர் வாசித்தார். எங்கள் வரிசை என்னையும் சேர்த்துத்தான் ஆட்டியது. மேடையில் நானே முழு நேரமும் ஆடிக்கொண்டுதான் இருந்தேன் என்று ரிஸ்வானா சொல்கிறாள். எனக்குத் தெரியவில்லை. அவள் எதையாவது சொல்வாள்.

வெளியே அப்பா வண்டியோடு நின்றிருந்தார். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் ரிஸ்வானாவின் கையைப் பிடித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். நான் வண்டியில் ஏறினேன். பயத்தில் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவினாசி ரோடு வந்தது, ஒரு சிக்னல் போனது. இரண்டாவது சிக்னலில் அப்பா திரும்பினார். என் முகத்தைப் பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்து, கோபமாகவே கேட்டார்.

"நடுவுல எதுக்கு அம்மிணி நிறுத்துனே?"

"ஏனுங்ப்பா?"

"எங்க வரிசை அப்பத்தான் புடிச்சு ஆட ஆரம்பிச்சுது. நல்லா வந்துட்டு இருந்தப்ப படக்குனு நிறுத்திப்போட்டே."

"அது கேக்கறதுக்குங்ப்பா. அந்த எடத்துல ஆடக் கூடாது."

"ஆடிட்டு இருக்கறவனுக்குக் காது கேக்காதா?"

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை எடுத்தார். காற்றில் கேட்காது என்பதால் அவர் காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்தினேன், நிறுத்தினால்தான் மறுபடி தொடங்கும்போது ஆட்டம் கூடும் என்று. இல்லை, சூடு ஆறிவிடும் என்று அவர் திருப்பிக் கத்தினார். அப்பா கத்துவதை நான் பார்த்துவிட்டேன்! ஹோப் காலேஜிலிருந்து வீடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தோம். பக்கத்தில் ஸ்கூட்டரில் வந்தவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். பொய் சொல்லிவிட்டுப் போனதற்கு நாளை காலையில் இருக்கிறது என்று வாசலில் சொன்னார், அதையும் கத்தியே சொன்னார்.

அத்தை குறட்டை விடுகிறாள். அடுத்த அறையில் அம்மாவிடம் அப்பாவின் குரல் கேட்கிறது. "அப்பிடி நிறுத்தக் கூடாதுங்கறேன். நீயே சொல்லு, எங்க வரிசை..." என்கிறார். அம்மாவுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. மர நாற்காலி தரையில் தேயும் சத்தம் வருகிறது. ஆடிக் காட்டுகிறார் போலிருக்கிறது.